செடி மருத்துவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

கல்வி என்பது பாடநூலைக் கற்று, தேர்வெழுதி, மதிப்பெண் பெறுவது மட்டுமன்று. ஒரு குழந்தையின் உள்ளத்தில் இயல்பாக எது முளைத்து நிற்கிறதோ அதனைக் கண்டு, அது வளர்வதற்கு நீரும் வெளிச்சமும் தருவதும் கல்வியேயாகும். இதனை மேடையில் சொல்வோர் பலர். வகுப்பறையில் செய்வோர் சிலர். பாடத்திட்டம் முடியவேண்டும், தேர்ச்சி விழுக்காடு உயரவேண்டும் என்னும் நெருக்கடியில், மாணவன் தானே விரும்பித் தேர்ந்த ஒன்றில் ஈடுபடுவதற்கென நாம் ஒதுக்கும் நேரம் எவ்வளவு? வாரத்தில் ஒரு பாடவேளையேனும் உண்டா? முப்பது ஆண்டுக்கால ஆசிரியப் பணிக்குப் பின் நெஞ்சில் கைவைத்துச் சொல்வதாயின், பெரும்பாலான ஆண்டுகளில் இல்லை என்றே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமெனக் கேட்டபோது, எவர் வாழ்க்கையை நம் இளைஞர்க்கு எடுத்துரைப்பது என எண்ணிப் பார்த்தேன். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார், எம்.சி. ராஜா ஆகியோர் வரலாறுகளை நம் சங்கத்தின் கூட்டங்களில் அடிக்கடி கேட்டு வருகிறோம். ஆகவே, கடல் கடந்த நாட்டில், பிறப்பைக் காட்டித் தாழ்த்தப்பட்ட ஓரினத்தில், அடிமையின் மகனாகப் பிறந்து அறிவியல் அறிஞராக உயர்ந்த ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவரே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அவர் உயர்ந்தது எப்படி என ஆராய்ந்தால், அவர் வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும், அவர் விருப்பத்தை அறிந்து அதற்கென நேரமும் இடமும் தந்த ஒருவர் நிற்பதைக் காண்கிறோம். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

பிறப்பும் இழப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசௌரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் சிற்றூரின் அருகே மோசஸ் கார்வர் என்னும் வெள்ளையின உழவர் வாழ்ந்தார். அவர் பண்ணையில் மேரி என்னும் கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தார். அவ்வம்மையாரின் மகனாக 1864ஆம் ஆண்டை ஒட்டி ஜார்ஜ் பிறந்தார். பிறந்த நாள் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அடிமையின் பிள்ளைக்கு நாள் குறித்து வைப்பார் யார்? நம் பாட்டன்மார் பலர்க்கும் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிய தேதியே பிறந்த நாளாயிற்று என்பதை நாம் அறிவோமன்றோ?

அது உள்நாட்டுப் போர் நடந்த காலம். அடிமைகளைக் கவர்ந்து சென்று விற்கும் கொள்ளைக் கூட்டத்தார் ஓரிரவு அப்பண்ணைக்குள் புகுந்து, மேரியையும் கைக்குழந்தையான ஜார்ஜையும் தூக்கிச் சென்றனர். அவர்களைத் தேடிவர மோசஸ் கார்வர் ஆளனுப்பினார். குழந்தை மட்டுமே கிடைத்தது. அதற்கு ஈடாக ஒரு குதிரை கைமாறியது என்பர். தாய் திரும்பவே இல்லை. தந்தையோ முன்னரே விபத்தொன்றில் இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. 1865ஆம் ஆண்டு சனவரியில் மிசௌரியில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. தாயற்ற ஜார்ஜையும் அவர் தமையன் ஜிம்மையும் மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் தம் வீட்டிலேயே வளர்த்தனர்.

காட்டில் கிடைத்த நேரம்

கக்குவான் இருமலால் நலிந்த ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளையாக வளர்ந்தார். தமையனைப் போல் வயலில் கடும் வேலை செய்ய அவர் உடல் இடங்கொடுக்கவில்லை. எனவே, சூசன் அம்மையாருக்குத் துணையாகச் சமையல், துவைத்தல், தையல், பின்னல் ஆகிய வீட்டு வேலைகளைக் கற்றார். அவை முடிந்தபின் எஞ்சிய பொழுது அவருடையதாக இருந்தது. உடல் நலிவு ஒரு குறைதான். ஆயினும் அக்குறை அவருக்கு ஒரு செல்வத்தைத் தேடித் தந்தது. அதுவே தனக்கெனக் கிடைத்த நேரம்.

அந்நேரத்தில் சிறுவன் ஜார்ஜ் அருகிருந்த காட்டில் திரிந்தார். செடிகளையும் கற்களையும் பூச்சிகளையும் சேர்த்தார். புதருக்குள் எவரும் அறியாமல் ஒரு சிறு தோட்டம் அமைத்து, வாடிய செடிகளைக் கொண்டுவந்து நட்டுப் பேணினார். எச்செடிக்கு வெயில் வேண்டும், எதற்கு நிழல் வேண்டும், எம்மண்ணில் எது தழைக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்றார். அக்கம்பக்கத்து வீட்டார் தம் தோட்டத்துச் செடி வாடினால் அவரை அழைத்தனர். செடி மருத்துவர் என்னும் பெயர் அச்சிறுவயதிலேயே அவருக்கு அமைந்தது. அவரிடம் பாடநூலும் இல்லை; அவருக்குத் தேர்வும் இல்லை. இருந்தது ஆர்வம் ஒன்றே.

கல்வியைத் தேடி நடந்த கால்கள்

ஆர்வம் மட்டும் போதுமா? போதாது என்பதை ஜார்ஜ் விரைவிலேயே உணர்ந்தார். தாம் கண்டவற்றின் பெயரும் காரணமும் அறிய எழுத்து வேண்டும், பள்ளி வேண்டும். ஆனால், உள்ளூர்ப் பள்ளி வெள்ளையர் பிள்ளைகளுக்கே உரியது. கறுப்பினச் சிறுவனுக்கு அங்கே இடமில்லை. பள்ளியின் திண்ணையோடு நிறுத்தப்பட்ட நம் முன்னோர் கதை இதனின் வேறன்று.

ஏறத்தாழ பன்னிரண்டு வயதில், எட்டு மைல் தொலைவிலுள்ள நியோஷோ என்னும் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி இருப்பதறிந்து தனியே நடந்து சென்றார். அங்கே மரையா வாட்கின்ஸ் என்னும் கறுப்பின மருத்துவச்சி அவருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். தம்மைக் கார்வருடைய ஜார்ஜ் எனச் சொல்லிக்கொண்ட சிறுவனிடம், நீ எவருக்கும் உடைமை அல்லை. இனி ஜார்ஜ் கார்வர் என்றே சொல் என அவ்வம்மையார் அறிவுறுத்தினார் என்பர். படித்தவன் தன் படிப்பைத் தன் மக்களிடமே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் அவர் தந்த அறிவுரை. மூலிகைகளைப் பற்றிய அவருடைய அறிவும் ஜார்ஜுக்குக் கிடைத்தது. பள்ளி, வீட்டை அடுத்தே இருந்தது. இடைவேளை மணி அடித்தவுடன் வேலியைத் தாண்டி வந்து, துணி துவைத்துக்கொண்டே பாடத்தையும் படித்துவிட்டு மீண்டும் ஓடுவாராம்.

அப்பள்ளியில் கற்பிக்கக் கூடியதெல்லாம் விரைவில் முடிந்தது. பின்னர் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்றார். சமையல், சலவை எனக் கிடைத்த வேலையைச் செய்து படித்தார். ஃபோர்ட் ஸ்காட் என்னும் ஊரில் 1879ஆம் ஆண்டு, ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் இழுத்துச் சென்று கொன்ற கொடுமையைக் கண்டார். அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் நெஞ்சை விட்டகலவில்லை. அன்றே அவ்வூரை விட்டு வெளியேறினார். ஆயினும் படிப்பை விடவில்லை. உயர்நிலைப் படிப்பை முடித்து, ஹைலண்டு என்னும் ஊரிலிருந்த கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பினார். அஞ்சலில் இடம் கிடைத்தது. நேரில் சென்று நின்றபோது, நிறத்தைக் கண்டு கதவு மூடப்பட்டது. எழுத்தில் தகுதி பெற்றவர் தோலினால் தகுதியற்றவர் ஆனார்!

மனமுடைந்த அவர், கான்சாஸின் மேற்குப் பகுதியில் அரசு வழங்கிய நிலமொன்றைப் பெற்று, புல்கட்டி மண்ணால் குடிசை கட்டி, சில ஆண்டுகள் பயிரிட்டார். அங்கும் செடிகளை வளர்த்தார். ஓவியம் தீட்டவும் கற்றார். எவரும் கேளாத நிலையிலும் தம் விருப்பத்தை அவர் கைவிடவில்லை.

எட்டா பட் என்னும் ஆசிரியை

அடுத்து அயோவா மாநிலம். அங்கே நட்புக்கொண்ட வெள்ளையினக் குடும்பம் ஒன்று தூண்டியதால், இண்டியனோலாவிலுள்ள சிம்ப்சன் கல்லூரியில் 1890ஆம் ஆண்டு சேர்ந்தார். கட்டணம் செலுத்தியபின் கையில் மிஞ்சியது பத்து சென்ட். அதற்குச் சோளமாவும் மாட்டுக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரம் ஓட்டினார். பின்னர் மாணவர்களின் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தார்.

அவர் அங்கே பயில விரும்பியது ஓவியம். ஓவிய ஆசிரியை எட்டா பட் முதலில் தயங்கினார். கறுப்பின இளைஞன் ஓவியம் கற்று என்ன பிழைப்பு நடத்துவான் என்னும் கவலை அவருக்கு. ஆயினும் வகுப்பில் இருக்க இடம் தந்தார். ஜார்ஜ் தீட்டியவை பெரும்பாலும் மலர்களும் செடிகளுமே. தண்டு எப்படிக் கிளைக்கிறது, இலை எவ்வாறு அமைகிறது என்பதெல்லாம் அவ்வோவியங்களில் பிழையின்றி இருந்தன. தாம் வளர்த்த செடிகளையும் அவர் ஆசிரியையிடம் கொண்டுவந்து காட்டினார்.

ஆசிரியர்களாகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஓவிய ஆசிரியையின் கடமை ஓவியம் கற்பிப்பதோடு முடிந்தது எனலாம். ஆனால் எட்டா பட், தம் மாணவர் விரும்பிச் செய்வது எதுவெனக் கூர்ந்து பார்த்தார். இவ்விளைஞனின் கை ஓவியத்தில் இருக்கிறது. கண்ணோ செடியின் உயிரில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அவ்வம்மையாரின் தந்தை, ஏம்ஸ் நகரிலிருந்த அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். அங்கே சென்று தாவரவியல் பயிலுமாறு ஜார்ஜை அவர் தூண்டினார். மாணவன் விரும்பியதைச் செய்யவிட்டார். அதிலிருந்து அவன் யாரென அறிந்தார். அறிந்தபின் அடுத்த படிக்கு வழிகாட்டினார். விருப்பத்திற்கு நேரம் தருவதென்பது மாணவனைக் கைவிட்டுவிடுவதன்று. அருகிருந்து கவனிப்பதே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

1891ஆம் ஆண்டு ஜார்ஜ் அக்கல்லூரியில் சேர்ந்தார். அங்குப் பயின்ற முதல் கறுப்பின மாணவர் அவரே. மாணவர் உணவுக் கூடத்தில் அவருக்கு இடம் தரப்படவில்லை. கீழ்த்தளத்தில் வேலைக்காரரோடு உண்ண வைத்தனர். இழிவை விழுங்கிக்கொண்டு படித்தார். ஓவியத்தையும் விடவில்லை. 1893ஆம் ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் ஒன்று சிறப்புக் குறிப்புப் பெற்றது. 1894ஆம் ஆண்டு இளநிலைப் பட்டம் பெற்றார். தாவரவியல் பேராசிரியர் லூயி பாமெல் அவரைத் தம் உதவியாளராக்கி, செடிகள் வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தின் பொறுப்பை அளித்தார். செடிகளைத் தாக்கும் பூஞ்சைகளைத் திரட்டி ஆராய்வதில் ஜார்ஜ் வல்லவரானார். 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அக்கல்லூரியில் கற்பித்த முதல் கறுப்பினத்தவரும் அவரே.

ஒரு சிறுவனும் ஒரு நடையும்

ஏம்ஸ் நகரில் நடந்த ஒரு செய்தியை நம் இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டும். அக்கல்லூரியில் பணியாற்றிய ஹென்றி சி. வாலஸ் என்பவருக்கு ஆறு வயது அளவில் ஒரு மகன் இருந்தான். செடி தேடிச் செல்லும்போது கார்வர் அச்சிறுவனையும் உடன் அழைத்துச் செல்வார். புல்லின் பூ எது, மகரந்தம் எது என்று காட்டுவார். சிறுவன் கேட்பதற்கெல்லாம் விடை சொல்வார். தமக்குக் கிடைத்த நேரத்தை அவர் இன்னொரு குழந்தைக்குக் கொடுத்தார்.

அச்சிறுவன் வளர்ந்தான். பதினாறு வயது அளவில், கண்காட்சிகளில் பரிசு பெறும் அழகிய மக்காச்சோளக் கதிர்கள் உண்மையிலேயே மிகுந்த விளைச்சல் தருமா என ஐயுற்றுத் தானே விதைத்துப் பார்த்தான். அழகுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்பதைக் கண்டான். எவரும் இட்ட வீட்டுப் பாடமன்று அது. தானே எழுப்பிய வினா. அவனே பிற்காலத்தில் 1926ஆம் ஆண்டு வீரிய ஒட்டு மக்காச்சோள விதை நிறுவனத்தைத் தொடங்கி, 1933 முதல் 1940 வரை அமெரிக்க வேளாண்மை அமைச்சராகவும், 1941 முதல் 1945 வரை துணைக் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஹென்றி ஏ. வாலஸ். செடிகளின்பால் தமக்கு ஆர்வத்தை ஊட்டியவர் கார்வரே என அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அடிமையின் மகன் ஆசிரியர். நாட்டின் துணைத் தலைவராக வரப்போகிறவர் மாணவர். கல்வியின் முன் பிறப்பு எம்மாத்திரம்!

டஸ்கிகீ நாட்கள்

அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்னும் ஊரில், கறுப்பின மக்களுக்கென ஒரு கல்வி நிலையம் 1881ஆம் ஆண்டு முதல் நடந்து வந்தது. அதன் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர். அவர் அழைப்பை ஏற்று, 1896ஆம் ஆண்டு வேளாண்மைத் துறைத் தலைவராகக் கார்வர் டஸ்கிகீக்குச் சென்றார். மரையா அம்மையார் சொன்னபடி, கற்றதைத் தம் மக்களிடமே கொண்டு சேர்த்தார்.

அங்கே ஆய்வுக்கூடம் எனச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. மாணவர்களோடு குப்பைமேடுகளில் தேடி, உடைந்த புட்டிகள், பழைய விளக்குகள், கம்பிகள், தகரங்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஆய்வுக்கருவிகளாக்கினார். கருவி இல்லை, கட்டடம் இல்லை எனச் சொல்லிக் காலம் கழிக்கும் ஆசிரியர்கட்கு இது ஒரு பாடம்; அவ்வாறு சொன்னோருள் நானும் ஒருவன்.

அப்பகுதியின் நிலம், தலைமுறை தலைமுறையாகப் பருத்தியையே பயிரிட்டதால் வளமிழந்து கிடந்தது. கறுப்பின மக்கள் வாரத்திற்கு உழுது, கடனில் மூழ்கியிருந்தனர். விலைகொடுத்து உரம் வாங்க அவர்களால் இயலாது. பருத்திக்கு மாற்றாகத் தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடுமாறு கார்வர் சொன்னார். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்க்கின்றன. விலையின்றிக் கிடைக்கும் உரம் அது. காட்டின் இலைச்சருகையும் சேற்றுமண்ணையும் உரமாக்கவும் கற்பித்தார். பருத்தியைத் தாக்கும் கூன்வண்டு 1910ஆம் ஆண்டை ஒட்டி அலபாமாவில் பரவியபோது, அவர் அறிவுரையின் அருமை மேலும் விளங்கியது.

பள்ளிக்கு வரமுடியாத உழவர்களிடம் பள்ளியையே அனுப்பினார். 1906ஆம் ஆண்டு, கருவிகளும் விதைகளும் ஏற்றிய குதிரை வண்டியொன்று ஊர் ஊராகச் சென்று செய்முறை விளக்கம் தந்தது. எளிய நடையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளை எழுதினார். 1916ஆம் ஆண்டு வெளியானது நிலக்கடலையை உணவாகச் சமைக்கும் 105 முறைகளைக் கூறியது. விளைந்ததை விற்க வழியில்லாத ஏழை, அதனை உண்டேனும் உடல் தேற வேண்டும் என்பதே நோக்கம். நிலக்கடலையிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பொருள்களை உருவாக்கியவர் என அவரைப் புகழ்வர். அவற்றுள் பல முன்னரே பிறர் அறிந்தவை. வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்பதும் தவறு. புனைந்த புகழ் அவருக்குத் தேவையில்லை. ஏழை உழவனின் மண்ணையும் வயிற்றையும் பற்றிச் சிந்தித்ததே அவர் பெருமை.

1921ஆம் ஆண்டு, கடலைக்கு இறக்குமதி வரி விதிப்பது குறித்து அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது கார்வர் சான்றுரைத்தார். பத்து நிமிடமே தரப்பட்டது. அவர் ஒவ்வொரு பொருளாக எடுத்துக்காட்டிப் பேசப் பேச, வெள்ளையர் குழு நேரத்தை நீட்டித்துக்கொண்டே சென்றது.

ஆசிரியருக்கும் நேரம் வேண்டும்

டஸ்கிகீயில் எல்லாம் இனிமையாகவே இருந்தது என எண்ணிவிடலாகாது. தலைவர் வாஷிங்டன் கண்டிப்பான நிர்வாகி. பாடம் நடத்துவதோடு பண்ணையையும் கோழிப் பண்ணையையும் கார்வரே கவனிக்க வேண்டுமென்றார். கணக்கு சரியில்லை, கோழிகள் குறைகின்றன என்று குறிப்புகள் வந்தவண்ணம் இருந்தன. நிர்வாகத்தில் கார்வர் வல்லவர் அல்லர் என்பது உண்மையே. ஆய்வுக்கு நேரமில்லை என்று அவர் வருந்தினார். விலகிவிடுவதாகப் பன்முறை எழுதினார். இறுதியில், 1910ஆம் ஆண்டை ஒட்டி ஆய்வுக்கெனத் தனித்துறை அமைந்தபோதுதான் சற்று மூச்சு விட்டார். தமக்கென ஒரு மணி நேரமும் இல்லாத ஆசிரியர், மாணவனுக்கு ஒரு மணி நேரம் எங்கிருந்து தருவார்?

அதே 1910ஆம் ஆண்டில், நாட்டுப்புறப் பள்ளிகளில் இயற்கையை நேரில் கண்டு கற்பதையும் தோட்டமிடுவதையும் பற்றி ஒரு வெளியீட்டை அவர் எழுதினார். பிள்ளைகள் மண்ணைத் தொட்டு, விதைத்து, வளர்வதைப் பார்த்துக் கற்க வேண்டுமென்பது அவர் கருத்து. தம் சிறுவயதுப் புதர்த்தோட்டத்தை ஒவ்வொரு பள்ளிக்கும் அவர் வழங்க விரும்பினார் எனலாம்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாள் முழுவதும் ஓவியம் தீட்டினார். பின்னல் வேலை செய்தார். நாள்தோறும் சட்டையில் ஒரு பூவைச் செருகிக்கொண்டார். ஏறத்தாழ 60,000 டாலர் அளவிலான தம் சேமிப்பை ஆய்வுக்கெனவே கொடுத்தார். 1943ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டே அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அமெரிக்க நாடு அமைத்த முதல் தேசிய நினைவிடம் அதுவே.

விருப்பம் வேறு, குலத்தொழில் வேறு

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? பள்ளியில் ஒவ்வொரு மாணவனுக்கும், மாணவிக்கும், தாமே தேர்ந்த ஒன்றில் ஈடுபடுவதற்கென நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே.

இதனைக் கேட்டதும் நம் மக்களுள் மூத்தோர்க்கு ஓர் ஐயம் எழும், எழுவதும் முறையே. 1953ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில், பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியிலும் எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் பழகவேண்டும் என்றொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. குலக்கல்வித் திட்டம் எனக் கண்டிக்கப்பட்டு, 1954ஆம் ஆண்டு அது கைவிடப்பட்டது. பாடநேரத்தைக் குறைத்துக் கைவேலை என்றால் நமக்கு அச்சம் வருவது இதனாலேயே. கறுப்பின மக்களுக்குள்ளும் இதே வாதம் நடந்தது. டஸ்கிகீ போன்ற தொழிற்கல்வி ஒன்றே போதும் என்பதை அறிஞர் டூபாய்ஸ் கடுமையாக எதிர்த்தார். உயர்கல்வி வேண்டுமென வாதிட்டார்.

ஆகவே வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தந்தை செய்த தொழிலைச் செய் எனப் பிறர் சொல்வது விதி. நான் இதைக் கற்க விரும்புகிறேன் எனப் பிள்ளை சொல்வது விடுதலை. பறையடிப்போர் மகன் பறையை விரும்பிக் கற்பானாயின் மகிழ்வோம். அவன் விண்மீன்களைக் கற்க விரும்பினால் அதற்கும் வழி செய்வோம். ஆனால், இவனுக்கு எது பொருந்தும் என்பதைச் சாதியைப் பார்த்து ஆசிரியர் முடிவு செய்வாராயின், அது பழைய சங்கிலிக்குப் புதிய முலாம் பூசுவதேயாகும். தேர்வு செய்யும் உரிமை பிள்ளைக்கே. மேலும், இது பாடத்திற்கு மாற்றன்று. கார்வருக்குக் காட்டில் கிடைத்த ஆர்வம் முதுநிலைப் பட்டம் வரை சென்றதனாலேயே அறிவியலாயிற்று.

எங்கள் பள்ளியில் கண்டது

எங்கள் பள்ளியில் சில ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இவ்வாறு ஒதுக்கி வருகிறோம். விதிகள் நான்கே. பொருளை மாணவரே தேர்வு செய்ய வேண்டும். ஒரு பருவம் முழுதும் அதையே தொடர வேண்டும். கண்டதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பருவ முடிவில் வகுப்பின் முன் நின்று சொல்ல வேண்டும். மதிப்பெண் இல்லை.

முதல் மாதம் ஒரே இரைச்சல். பிள்ளைகள் பலர்க்குத் தாம் எதை விரும்புகிறோம் என்பதே தெரியவில்லை. அதுகாறும் அதனை அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. தேர்ச்சி குறையும் என உடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் எச்சரித்தார். நானும் கைவிட நினைத்ததுண்டு. ஆனால், துப்புரவுப் பணியாளர் ஒருவரின் மகள், எந்நேரமும் கடைசி வரிசையில் அமைதியாக இருப்பவள், அகன்ற வாயுடைய புட்டி ஒன்றை வெட்டவெளியில் வைத்து, பெய்யும் மழையை நாள்தோறும் அளவுகோலால் அளந்து எழுதத் தொடங்கினாள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஒரு நாள் தவறவில்லை. பருவ முடிவில் கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைந்து காட்டினாள். கணக்குப் பாடத்தில் வரைபடம் வந்தபோது, அதுவரை கை தூக்காத அப்பெண், மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அன்று அவள் முகத்தில் கண்ட நிமிர்வை எந்தத் தேர்ச்சிப் பட்டியலிலும் நான் கண்டதில்லை.

எல்லாப் பிள்ளைகளும் இவ்வாறு மலர்ந்தனர் என்று சொல்லமாட்டேன். சிலர் அரட்டையிலேயே கழித்தனர். ஆயினும் ஒருவரேனும் தம்மை அறிந்துகொண்டால் அந்நேரம் வீணன்று.

வேண்டுகோள்

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு உண்டு, ஓவிய வகுப்பு உண்டு, விளையாட்டுப் பயிற்சி உண்டு. நம் வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டதும் தண்ணீர் பிடிக்கவும், தங்கை தம்பியரைப் பார்க்கவும், விடுமுறையில் கூலிக்குச் செல்லவும் வேண்டியிருக்கிறது. தனக்கென நேரம் என்பது அவனுக்குப் பள்ளியில் கிடைத்தால்தான் உண்டு. இல்லையேல் இல்லை. ஆகவே, இதனை ஆடம்பரம் என ஒதுக்குதல் தகாது. நம் பிள்ளைகளுக்கு இஃது உரிமை.

நம் சங்கம் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்திலும் வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறேன். செலவு அதிகமில்லை. ஒரு குறிப்பேடு, ஓர் எழுதுகோல், பொறுமையாகக் கேட்கும் ஒரு மூத்தவர் போதும். படித்து வேலைக்குச் சென்ற நம் இளைஞர்கள் மாதம் ஒரு நாளேனும் வந்து அமர்ந்து கேட்டால், அவர்களே நம் பிள்ளைகளுக்கு எட்டா பட் ஆவர், மரையா வாட்கின்ஸ் ஆவர்.

இளைஞர்களே! உங்களுக்கு எது பிடிக்கும் என உங்களை எவரும் கேளாதிருக்கலாம். நீங்களே உங்களைக் கேளுங்கள். விடை கிடைத்தால் அதனைப் புதருக்குள் ஒளித்த செடியெனப் பேணுங்கள். உங்கள் தம்பியரையும் தங்கையரையும் மறவாமல் கேளுங்கள்.

வாழ்க கார்வர் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!